சுமை ஏற்றினால் சொன்னபடி கேட்கும்

தம்பி, தப்பாக நினைக்காதீங்க. போனில் நீங்கள் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால் விழத்தானே செய்யும்? பிக்கப் வண்டி எடுத்தால் நம்பி ஓட்டலாமா என்று யாரிடமோ கேட்டீர்கள். அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. என்னைக் கேளுங்க. நாலு வருஷமாக வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஒரு குறை கிடையாது.

அப்புறம் எதற்குப் பஸ்ஸில் வருகிறேன் என்கிறீர்களா? அது வேறு விஷயம். அதற்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லை. சம்பந்தம் இருக்கிறது, ஆனால் குற்றம் வண்டியுடையது இல்லை.

அதோ பாருங்க, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு. அரக்குச் சேலை, மடியில் பெரிய பை. அதுதான் என் வீட்டுக்காரி, ரத்தினாள். கரூரில் எங்கள் பேத்திக்கு இன்றைக்குக் காதுகுத்து. தாராபுரத்தில் ஏறும்போது இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் சீட்டுக் கிடைக்கவில்லை. அவள் அங்கே உட்கார்ந்துவிட்டாள், நான் இங்கே. பக்கத்திலிருக்கிற அந்த அம்மாளிடம் எப்படிப் பேசிக்கொண்டு வருகிறாள் பாருங்க. முன்பின் தெரியாத ஆள்.

நமக்குத் தொழில் வெங்காய லோடு. எங்கள் பக்கம் சின்ன வெங்காயம் விளைகிற பூமி. மூட்டைகளைத் திண்டுக்கல் பேட்டையில், அதுதான் வெங்காயச் சந்தையில், கொண்டுபோய் இறக்க வேண்டும். என் பேர் அப்புக்குட்டி. அப்புக்குட்டி வண்டி என்றால் பேட்டையில் தெரியாதவர்கள் இல்லை. வாரத்தில் ஒரு நாள் ரத்தினாளும் கூட வருவாள். போகிற வழியில் ஒட்டன்சத்திரத்தில் தங்கச்சி வீட்டில் இறங்கிக்கொள்வாள். நான் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஏறிக்கொள்வாள். ஏறியதிலிருந்து பேசுவாள். தங்கச்சியின் மாமியார், பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை நகர்த்தியது, போன பொங்கலுக்கு நான் எடுத்துக்கொடுத்த சேலை சாயம் போனது. பாதி செய்தி, பாதி திட்டு. நான் ஓட்டிக்கொண்டே கேட்பேன். வீடு வந்ததே தெரியாது.

புரட்டாசியில் அது நின்றுபோனது. வண்டியில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள். நானும் ரேடியோ போட்டுப் பார்த்தேன் தம்பி. ரேடியோ நன்றாகத்தான் பேசுகிறது. ஆனால் அது யாரையோ பார்த்துப் பேசுகிறது. நம்மைப் பார்த்துத் திட்டுவதில்லை. அதில் என்ன சுகம்?

ஏன் ஏற மாட்டேன் என்றாள் என்று கேளுங்க. வரிசையாகச் சொன்னால்தான் வண்டி மேல் தப்பில்லை என்று உங்களுக்கே புரியும்.

வண்டி கொடுக்கும்போது கம்பெனிக்காரர்கள் ஒரு புத்தகம் கொடுப்பார்கள். அதில் ஒன்றேகால் டன்தான் ஏற்றலாம் என்று போட்டிருக்கும். அவர்கள் பயந்த சுபாவம். நான் இரண்டரை ஏற்றினேன். வண்டி ஒரு நாள்கூட மாட்டேன் என்றதில்லை. பின்பக்கம் கொஞ்சம் உட்கார்ந்தது, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது, அவ்வளவுதான். விளக்கைப் போட்டால் தென்னை மரத்தில் இளநீர்க் குலை தெரியும், ரோடு தெரியாது. அது ஒரு குறையா? ரோடு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா?

இருந்தாலும் பார்க்க நன்றாக இல்லை என்று ஆடி மாதம் ஜமால் பாய் பட்டறைக்குப் போனேன். பின் சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி இரும்புப் பட்டைகளை அடுக்கிவைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சுமையைத் தாங்குவது அந்தப் பட்டைகள்தான். அதில் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால் எத்தனை மூட்டை ஏற்றினாலும் வண்டி உட்காராது. லோடு ஓட்டுகிற எல்லோரும் செய்கிற வேலைதான்.

"எல்லாரும் ரெண்டு பட்டை சேப்பாங்கண்ணா" என்றார் பாய்.

"நமக்கு நாலு போடுங்க."

"நாலு போட்டா காலி வண்டில பின்பக்கம் துள்ளுமே."

"காலியா ஓட்டறதுக்கா பாய் நான் வண்டி வாங்கினேன்?"

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு போட்டுக் கொடுத்தார். போகும்போது லோடு, வரும்போது காலி என்பது எனக்கு அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை. யாருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்குமா?

ஆனால் தம்பி, அதற்குப் பிறகு லோடோடு போகும்போது பார்க்க வேண்டும். பல்லக்கு. நாற்பது மூட்டையை ஏற்றிவிட்டால் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகும். சுமை ஏற்றினால் சொன்னபடி கேட்கும். காலியாக எப்படி என்கிறீர்களா? காலியாகக் கொஞ்சம் குஷியாக இருக்கும். வேகத்தடையில் ஏறினால் பின்பக்கம் மட்டும் தனியாக ஒரு குதி குதித்துவிட்டு வந்து சேர்ந்துகொள்ளும். வளைவில் நாம் ஒரு பக்கம் திருப்பினால் அது கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும். பழகிக்கொண்டால் சிரமம் இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம் நல்ல தூறல். லோடு இறக்கிவிட்டு ஒட்டன்சத்திரத்தில் ரத்தினாளை ஏற்றிக்கொண்டு வருகிறேன். மடியில் தங்கச்சி கொடுத்த மோர்க்குழம்பு, ஒரு போசி நிறைய. கள்ளிமந்தயம் தாண்டி ஒரு வளைவு. வேகமெல்லாம் இல்லை. குறுக்கே ஒரு நாய் வந்தது. பிரேக்கைத் தொட்டேன். தொட்டதுதான் தெரியும். பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு வந்துவிட்டது. வண்டி அப்படியே சுழன்று, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஒரு கீறல் இல்லை தம்பி. மரத்தில் முட்டவில்லை, பள்ளத்தில் இறங்கவில்லை. நாய்கூடப் பிழைத்துப் போனது. மோர்க்குழம்பு மட்டும்தான் சேதம். இப்படி அழகாகச் சுழன்று நிற்கிற வண்டி வேறு ஏது?

ரத்தினாள் முகத்தில் வடிந்த குழம்பைத் துடைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள்.

"ஏனுங்க, வண்டி எதுக்குத் திரும்பி நிக்குது?"

"மழையில்ல?"

"மழை நமக்கு மட்டுந்தான் பெய்யுதா? அந்த லாரி நேராத்தானே போகுது?"

"அது லோடு வண்டி. அதுல கனம் இருக்குது. நம்ம வண்டில கனம் பத்தலை."

"நான் உக்காந்திருக்கறேன். அப்புறமும் கனம் பத்தலைங்கறீங்க."

கல்யாணம் ஆனதிலிருந்து, நான் பெருத்துட்டேனா என்று கேட்கும்போதெல்லாம் இல்லவே இல்லை என்று சொல்லிப் பழகிய வாய். அன்றைக்கும் அதையே சொன்னேன். போசியை என் மடியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

"வண்டிக்கே உங்களோட வர இஷ்டமில்லை. என் தங்கச்சி வீட்டுக்கே திரும்பிப் போறேங்குது. எனக்கு மட்டும் என்ன தலையெழுத்து?"

அந்தத் தூறலிலேயே நடந்து போய்ப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். எனக்கு முன்னால் வந்துவிட்டாள், அதுதான் இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

சரி, கனம்தானே பிரச்சினை, வழி கண்டுபிடிக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்தேன். நான் யோசிக்காத ஆள் இல்லை. மணல் மூட்டை கட்டிப் போட்டுக்கொண்டு வந்தேன். டீ குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் மூட்டைகளைக் காணோம். யாரோ வீடு கட்டுகிற புண்ணியவான். பிறகு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களைச் சும்மா ஏற்றிக்கொண்டேன். உதவிக்குத்தான். என்ன, கொஞ்சம் பருத்த ஆட்களாகப் பார்த்துக் கூப்பிடுவேன். ஒரு தடவை ஏறியவர்கள் மறு தடவை கூப்பிட்டால், "இருக்கட்டுங்க, பஸ் வருது" என்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் பஸ் இருக்காது. இந்தக் காலத்தில் ஓசியில் ஏற்றினாலும் மனிதர்களுக்குச் சந்தேகம்.

கடைசியில்தான் வீட்டு ஆட்டுக்கல் ஞாபகம் வந்தது. கிரைண்டர் வந்த பிறகு வாசலில் சும்மா கிடந்தது. ரத்தினாளுக்கு அவள் அம்மா வீட்டில் சீராகக் கொடுத்தது. நல்ல கனம். நாலு பேர் சேர்ந்து தூக்கி வண்டியில் வைத்தோம். இரண்டு நாள் அருமையாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். வண்டி நின்றது. ஆட்டுக்கல் நிற்கவில்லை.

உருண்டு வந்து நாம் உட்காருகிற அறையின் முதுகுத் தகட்டில் ஒரே இடி. தகடு உள்ளே பிதுங்கிவிட்டது. என் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. ரத்தினாள் உட்காருகிற பக்கம்தான். அவள் அன்றைக்கு வரவில்லை, பார்த்தீர்களா? எப்படி ராசியான வண்டி என்று யோசித்துப் பாருங்க.

வீட்டுக்கு வந்ததும் ரத்தினாள் அந்தப் பிதுக்கத்தைப் பார்த்தாள். கதவைத் திறந்து அவள் சீட்டின் முதுகில் கையை வைத்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டினால் நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன். பேசாமல் போனால் எனக்குக் கை கால் ஓடாது. மறுநாள் காலையில் காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இந்த வண்டி நம்ம வாசல்ல நிக்கற வரைக்கும் நான் பஸ்லதான் போவேன். காதுகுத்துக்கும் பஸ்லதான். நீங்க உங்க வண்டில சீரை வெச்சுட்டு வாங்க."

காதுகுத்து மண்டபத்து வாசலில் நான் ஒரு பக்கம் வண்டியில் வந்து இறங்க, அவள் இன்னொரு பக்கம் பஸ்ஸிலிருந்து நடந்து வந்தால் சம்பந்தி வீட்டார் என்ன பேசுவார்கள்? அதுகூடப் போகட்டும். தாராபுரத்திலிருந்து கரூர் வரைக்கும் பக்கத்து சீட்டு காலியாக வர வேண்டும், அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. வண்டியையே கொடுத்துவிடலாம் என்று முடிவு பண்ணினேன். பின் கதவில் சாக்பீஸால் 'விற்பனைக்கு' என்று எழுதினேன்.

பேட்டையிலும் சொல்லிவைத்தேன். அங்கே இதே வண்டி வைத்திருக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் குறை சொல்ல மாட்டார்கள். ரங்கராசு என்று ஒருவன். அவன் வண்டியில், வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் இடது கதவு தானாகத் திறந்துகொள்ளும். கயிறு போட்டுக் கட்டியிருக்கிறான். வியாபாரி யாராவது கேட்டால், "சும்மா ஒரு கட்டு, வண்டி கல்லு மாதிரி இருக்குதுங்க" என்பான். குறை இருக்கிறது என்று ஒரு வார்த்தை விழுந்தால் மறுநாள் லோடு அடுத்த வண்டிக்குப் போய்விடும். அதனால் எங்கள் பேட்டையில் கோளாறான வண்டி ஒன்றுகூடக் கிடையாது.

போன வாரம் ஒரு டீச்சரம்மா வந்தார். எஸ்தர் என்று பெயர். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நல்ல விவரமான ஆள். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

"ஏண்ணா, இங்க முருகன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களே, அதுக்குப் பின்னாடி செவப்பா ஏதோ எரியுது?"

"அது பிரேக் விளக்குங்க டீச்சர். எப்பவும் எரிஞ்சுட்டே இருந்துச்சு. கண்ணை உறுத்துச்சுன்னு சாமி படத்தை ஒட்டிட்டேன். ராத்திரில பாத்தீங்கன்னா முருகனுக்கு ஒளிவட்டம் மாதிரி இருக்கும்."

டீச்சர் சிரித்தார். சிரித்தால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரிதானே? விலையும் ஒத்துப்போனது. எனக்கு மனசு லேசாகிவிட்டது. ரத்தினாள் சமையலறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பேச்சுவாக்கில்தான் கேட்டேன்.

"என்னங்க டீச்சர் லோடு ஏத்தப்போறீங்க?"

"லோடு இல்லைண்ணா. எங்க கபடிப் பொண்ணுங்க. மேட்ச் நடக்கற ஊருக்கெல்லாம் பஸ் கிடைக்கறதில்லை. பின்னாடி நின்னுக்குவாங்க. பன்னெண்டு பேர்."

"தாராளமா நிக்கலாமுங்க" என்றேன். வாய் அப்படித்தான் சொன்னது. ஆனால் எனக்கு ஒரு பழக்கம் தம்பி. என்ன ஏற்றினாலும் அது எத்தனை மூட்டைக் கனம் என்று மனசு தானாகக் கணக்குப் போடும். போட்டுப் பார்த்தது. சரியாக வரவில்லை.

"பொண்ணுங்க நல்ல கனமா இருப்பாங்களா டீச்சர்?"

"ஐயோ, எடை கூடினா ஆட்டத்துல சேத்துக்கவே மாட்டாங்கண்ணா. மேட்சுக்கு முன்னாடி மெஷின்ல ஏத்தி எடை பாத்துத்தான் உள்ள விடுவாங்க. நான் தினம் காலைல ஓடவிட்டுக் குறைச்சு வெச்சிருக்கேன். எல்லாம் குருவி மாதிரி இருக்கும்."

நாற்பது மூட்டை கேட்கிற வண்டி. பன்னிரண்டு பேரையும் சேர்த்தால் பத்து மூட்டை வராது. பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். ஜெயித்துவிட்டு வந்தால் குதிக்கவும் குதிப்பார்கள். எனக்கு ஆட்டுக்கல் உருண்டு வந்த சத்தம் கேட்டது.

"டீச்சர், வண்டி விக்கறதில்லைங்க."

"என்னண்ணா, இப்பத்தானே குறையே இல்லைன்னீங்க?"

"குறையே இல்லைங்க. அதனாலதான் விக்க மனசு வரலை."

"வெலை பத்தலையா?"

"அதெல்லாம் இல்லைங்க."

"என் கையில குடுக்கப் பயமா? நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்."

"நானும் மெதுவாத்தான் போனேனுங்க" என்றேன். அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. டீச்சர் என்னையே பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளுக்கு வேன் ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்தார். எனக்குத் தெரிந்த ஒரு வேன்காரர் பெயரைச் சொன்னேன்.

திரும்பினால் ரத்தினாள் காபி டம்ளரோடு நிற்கிறாள். டீச்சர் காபியைக் குடித்துவிட்டுப் போனார். போன பிறகு என் பக்கம் திரும்பினாள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். வண்டியும் போகவில்லை, இவளும் ஏறப்போவதில்லை.

"அந்தப் புள்ளைகளுக்கு இந்த வண்டி ஆகாதுன்னு ஒரு வாய் காபி குடிக்கற நேரத்துல கண்டுபிடிச்சுட்டீங்க."

"அதுக இளசுக. கனம் இல்லை."

"எனக்கு ஆகாதுங்கறது மட்டும் புரட்டாசியில இருந்து உங்களுக்குத் தெரியலை."

"நீ வேற, அதுக வேற."

"ஆமாமா, நான் கனமான ஆளு."

இப்போது அவள் கனமா, கனம் இல்லையா? எதைச் சொன்னாலும் தப்பாகப் போகிறது. அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்த மாதிரி தெரியவில்லை. உள்ளே போய் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"விக்க வேண்டாம். நம்மகிட்ட வாங்கறவனும் ஒரு பொண்டாட்டியை ஏத்திட்டுத்தான் போவான். நேரா பாய் பட்டறைக்குக் கொண்டுபோங்க. அந்த நாலு பட்டையையும் கழட்டி என் கண்ணு முன்னாடி கீழ போடணும். நான் பின்னாலயே பஸ்ல வந்துடறேன்."

வந்தாள் தம்பி. சொன்னபடி பட்டறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நாலு பட்டையும் கீழே விழுகிற வரைக்கும் பார்த்தாள். பாய் சக்கரத்தையும் கழட்டிப் பிரேக் கட்டையை எடுத்துக் காட்டினார். தேய்ந்து வெற்றிலை மாதிரி இருந்தது.

"இதை வெச்சுட்டா ஓட்டினீங்கண்ணா?" என்றார்.

"இதை வெச்சுட்டும் நின்னுச்சு பாத்தீங்களா பாய், அதுதான் வண்டி" என்றேன்.

பாய் ரத்தினாளைப் பார்த்தார். ரத்தினாள் பாயைப் பார்த்தாள். தகட்டு வேலையும் சேர்த்து முடிக்க நாளாகும், காதுகுத்துக்குள் ஆகாது என்றுவிட்டார். "நல்லா பொறுமையாப் பாருங்க பாய், முடிஞ்சதும் நானே வந்து ஏறி உக்காந்து பாக்கறேன்" என்றாள் ரத்தினாள். ஏறி உட்காருவேன் என்றாள், கேட்டீர்களா? இனிமேல் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுதான் ஏற்றப்போகிறேன். பேட்டையில் கேட்டால் இடுப்பு வலி என்று சொல்லிக்கொள்வேன்.

அதனால் சொல்கிறேன், பயப்படாமல் வாங்குங்க. நல்ல வண்டி. என்ன, வாங்கின பிறகு வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பாருங்க. அவர்கள் மறுபடியும் ஏறினால் வண்டி சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

தம்பி, சின்னதாராபுரம் வரப்போகிறது. உங்களிடம் ஒன்று கேட்கலாமா? வண்டி விஷயம் இல்லை. ரத்தினாள் பக்கத்திலிருக்கிற அந்த அம்மாள் இங்கே இறங்குகிறவர். ஏறும்போது கண்டக்டரிடம் சொன்னதைக் கேட்டேன். அவர் இறங்கியதும் நீங்கள் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, அவளை இங்கே அனுப்பிவிடுகிறீர்களா? இரண்டு பேர் சீட்டு, ஜன்னலோரம், நீங்கள் ஒருத்தரே சௌகரியமாக வரலாம். நானே கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பாள். நீங்கள் கேட்டால் வருவாள், வெளியாட்களிடம் மரியாதையான ஆள்.

பஸ் ஏறியதிலிருந்து அந்த அம்மாளிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு வருகிறாள். அந்த அம்மாள் இரண்டு தடவை திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அத்தனையும் என்னைப் பற்றித்தான், எனக்குத் தெரியாதா? எனக்கு வர வேண்டிய பேச்சு தம்பி. முன்பின் தெரியாதவர்கள் காதில் எதற்கு வீணாகப் போக வேண்டும்? இன்னும் கரூர் வரைக்கும் வழி கிடக்கிறது. எழுந்திருங்க, அந்த அம்மாள் செருப்பைத் தேடுகிறார்.